அக்வாபோனிக்ஸ்: புதிய தொட்டியைப் பழக்குதல்

மீன் தொட்டி நீரை ஜல்லி நிரப்பிய பயிர்ப்படுகை வழியே சுற்றவிட்டு, மீனையும் கீரையையும் சேர்த்து வளர்க்கும் முறை. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன; நைட்ரேட்டே பயிருக்கு முக்கிய உரம். இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்காமல் மீனை நெருக்கமாக விடுவது கொடிய தவறு. அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறினால் தீவனத்தை நிறுத்தி, காற்றூட்டத்தைக் கூட்டி, குளோரின் நீங்கிய நீரால் ஒரு பகுதியை மாற்ற வேண்டும்.

இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. நீரின் பிஎச் 7-ஐ வெகுவாகத் தாண்டினாலும் இது நேரும். பிஎச் இப்படி ஏறச் சுண்ணாம்புக்கல் ஜல்லி அடிக்கடி காரணமாகிறது. வாங்குமுன் ஒரு கல்லில் வினிகர் ஊற்றிப் பார்க்கலாம்: நுரைத்தால் அந்த ஜல்லி வேண்டாம்.