பழைய கார்களின் டயர் அளவும் அலாய் சக்கரமும்

தருமபுரி மாவட்டத்துப் பொம்மிடி, சேலம் – ஜோலார்ப்பேட்டை இருப்புப்பாதையில் அமைந்த ஊர். ஊருக்குத் தெற்கே எழும் சேர்வராயன் மலைக்கும் கார்ச் சக்கரத்துக்கும் மறைமுகமான ஓர் உறவு உண்டு. அம்மலை உச்சியில் வெட்டப்பட்ட பாக்சைட்டிலிருந்துதான், 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மேட்டூர் மால்கோ ஆலை அலுமினியம் எடுத்தது. இன்று ‘அலாய் வீல்’ எனப்படுவதும் பெரும்பாலும் அலுமினியக் கலவையே. ஆயினும் அக்காலத்து உள்நாட்டுக் கார்கள் எஃகுச் சக்கரங்களில்தான் ஓடின. சென்னை பாடியில் 1960இல் நிறுவப்பட்ட வீல்ஸ் இந்தியா நிறுவனமும் எஃகுச் சக்கரங்களையே செய்தது.

அலுமினியச் சக்கரம் புதிய கண்டுபிடிப்பு அன்று. 1924இல் பிரான்சின் லியோன் பந்தயத்தில் புகாட்டி 35 வகைக் கார்கள் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு இறங்கின. சக்கரங்கள் தாங்கின, டயர்களோ மேற்பட்டை உரிந்து காலை வாரின. சக்கரத்தின் அழகை மட்டும் பார்த்து டயரை மறந்துவிடுவோர் நினைவில் வைக்க வேண்டிய பந்தயம் அது.

டயர் எண்ணின் கதை

1957 முதல் 2014 வரை உத்தரபாராவில் தயாரான அம்பாசிடரின் பழைய டயர் அளவு 5.90-15. பிரிமியர் பத்மினிக்கு 5.20-14. சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு எரால்டுக்கு 5.20-13. முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். டயரின் உயரம் எங்கும் எழுதப்படவில்லை. அந்த நாளில் உயரம் அகலத்துக்கு ஏறக்குறையச் சமமாகவே இருந்ததால் தனியாக எழுத வேண்டிய தேவை எழவில்லை.

இவை நூலிழைகள் குறுக்கும் மறுக்கும் சாய்வாகச் செல்லும் ‘கிராஸ் பிளை’ டயர்கள். இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்லும் ரேடியல் டயருக்கு மிச்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்றது. ரேடியல் பரவி, டயர்கள் மெல்ல மெல்லக் குட்டையான பிறகு, உயரத்தையும் எழுதியாக வேண்டியதாயிற்று. 175/80 R15 என்ற எண்ணில் 175 என்பது மில்லிமீட்டரில் அகலம். உயரம் அதில் 80 விழுக்காடு. R என்பது ரேடியல். 15 மட்டும் இன்னும் அங்குலத்திலேயே நிற்கிறது. இரண்டு அளவை முறைகளையும் ஒரே வரியில் கலந்த விந்தையான எண் இது.

பழைய கார் வைத்திருப்போர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ரிம் 15 அங்குலம் என்றால் 15 அங்குல டயர் எதுவும் பொருந்தும் என்று நினைக்கிறார்கள். ரிம்மில் பொருந்தும், காருக்குப் பொருந்தாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 175/80 R15 டயரின் ஒரு பக்க உயரம் 140 மி.மீ. இரு பக்கமும் 280, ரிம் 381, மொத்த விட்டம் 661 மி.மீ. இது பழைய 5.90-15 டயரின் உயரத்துக்கு நெருக்கமானது. பார்க்க எடுப்பாக இருக்கும் 185/65 R15 டயருக்கு இதே கணக்கில் ஏறத்தாழ 621 மி.மீ. மட்டுமே வரும். ஆறு விழுக்காடு குறைவு. வேகமானி 60 காட்டும்போது கார் 56 கி.மீ. வேகத்தில்தான் போகும். வண்டியின் அடிப்பாகம் இரண்டு சென்டிமீட்டர் தாழும். நம் ஊர் வேகத்தடைகளில் அது சிறிய அளவு அன்று.

அகலத்தைக் கூட்டினால் வேறு தொல்லை. பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் அகல டயர், நிறுத்தும் இடத்தில் தோளை வலிக்க வைக்கும். ஐந்து பேரும் சாமானும் ஏறித் தொப்பூர் கணவாய் போன்ற வளைவான இறக்கத்தில் திரும்பும்போது டயர் மட்காட்டில் உரசக்கூடும். வெறும் வண்டியாகப் பட்டறையில் நிற்கும்போது இந்த உரசல் தெரியாது.

அலாய் சக்கரம் தேர்ந்தெடுத்தல்

நட்டுகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் விட்டமும், நடுத்துளையும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். துளையை இழுத்துப் பெரிதாக்கி மாட்டுவது சில பட்டறைகளில் நடக்கிறது. உயிரோடு விளையாடும் வேலை அது. அடுத்தது ‘ஆஃப்செட்’, அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அச்சில் பொருந்தும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் பார்வைக்குக் கம்பீரம். பேரிங்குக்கும் ஸ்டீயரிங் மூட்டுகளுக்கும் கூடுதல் சுமை. அலாய் சக்கரத்துக்கு உரிய நட்டுகளையே போட வேண்டும். எஃகுச் சக்கரத்தின் நட்டு அதில் சரியாக உட்காராமல் போகலாம்.

எஃகுச் சக்கரம் குழியில் விழுந்தால் நெளியும்; தட்டிச் சரிசெய்யலாம். அலாய் விரிசல் விடும். குட்டை டயர் போட்டிருந்தால் அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பழைய எஃகு ரிம்மையே வைத்துக்கொண்டு டயரை மட்டும் மாற்றுவோருக்கும் கவனம் தேவை. அந்த ரிம்கள் டியூபுக்காகச் செய்யப்பட்டவை. டயரின் விளிம்பு நழுவாமல் தடுக்கும் மேடு டியூப்லெஸ் ரிம்மில் உண்டு. பழையவற்றில் பொதுவாக இராது. அவற்றில் ரேடியல் போட்டாலும் ரேடியலுக்கான டியூபையும் சேர்த்துப் போடுவதே நலம். ஒரே அச்சில் ஒருபுறம் கிராஸ் பிளையும் மறுபுறம் ரேடியலும் கூடவே கூடாது. புது டயரின் சுமைக் குறியீட்டையும் பார்க்க வேண்டும்; 86 என்றால் அந்த ஒரு டயர் 530 கிலோ வரை தாங்கும்.

பழைய அளவு டயர் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் அதன் வயதைப் பார்க்கத் தவறுவதும் உண்டு. பக்கச் சுவரில் 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் என்று பொருள். ஓடாமலேயே கிடந்த டயரிலும் ரப்பர் இறுகி வெடிப்பு விழும்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு அசல் வடிவத்தில் பேணப்படும் கார்களுக்குத் தனிப் பதிவு தருகின்றன. ஆகவே அலாய் மாட்டினாலும், கழற்றிய எஃகுச் சக்கரங்களைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடாமல், துரு நீக்கி வண்ணம் பூசிப் பரணில் ஏற்றி வைக்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள்.