பம்ப் மாற, டேங்கும் மாறியது

நாமக்கல்லுக்கு லாரி நெடுங்காலம் முழு லாரியாக வந்ததில்லை; சேஸிஸாகத்தான் வந்தது. எஞ்சின், சக்கரங்கள், ஓட்டி வர ஓர் இருக்கை, சட்டத்தின் பக்கவாட்டில் பட்டை போட்டு இறுக்கிய டீசல் டேங்க் என்று இவ்வளவையே ஆலை தந்தது. கேபினும் பாடியும் இங்குள்ள பட்டறைகளில் மரத்திலும் தகட்டிலும் எழுந்தன. டேங்க் ஆலைப் பொருள்தான் என்றாலும் பட்டறையின் கை அதிலும் பட்டது. தேசிய பெர்மிட் வந்து லாரிகள் வடக்கே வாரக்கணக்கில் ஓடத் தொடங்கியபின், டீசல் மலிவாக உள்ள மாநிலத்திலேயே நிரப்பிக்கொள்ளக் கூடுதல் டேங்க் ஒரு வசதியாயிற்று. எதில் செய்வது, எங்கே தொங்கவிடுவது, குழாயை எப்படி இழுப்பது என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு காலத்திலும் விடை சொன்னது எஞ்சினின் பம்ப்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏலத்தில் கிடைத்த ராணுவ ஜீப்புகள் பெட்ரோல் வண்டிகள். 1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அந்த ஜீப்பில் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது. எஞ்சினின் கேம் அசைக்கும் சிறு டயாஃப்ரம் பம்ப், பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குத் தரும். கார்புரேட்டர் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்பதால், வளைவில் குழாய் ஒரு நொடி காற்றை இழுத்தாலும் எஞ்சினுக்குத் தெரியாது. ஒழுகாத தகரப் பெட்டியே அந்த வண்டிக்குப் போதுமான டேங்க்.

டீசல் அந்தச் சலுகையைத் தரவில்லை. 1951இல் பெங்களூரில், டீசல் இன்ஜெக்ஷன் பம்ப் செய்யும் மைக்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. 1954இல் டாடா–பென்ஸ் கூட்டு, அடுத்த ஆண்டு அசோக் லேலண்ட். தொடர்ந்து வந்த பத்தாண்டுகளில் சாலைக்கு வந்த லாரிகளில் இன்ஜெக்ஷன் பம்ப் குடியேறியது. தேவைக்கு மேல் டீசலை இழுத்து, மிஞ்சியதைத் திருப்பி அனுப்புவது அதன் இயல்பு. ஆகவே டேங்குக்கு இரண்டு குழாய்கள் வேண்டும். ரிட்டன் குழாய் நுரையோடு வந்து விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே உறிஞ்சும் குழாய் இருந்தால் அந்த நுரையே திரும்ப பம்புக்குப் போகும். உறிஞ்சும் குழாய் அடியைத் தொடாமல் சற்று மேலே நிற்க வேண்டும். அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்ற ஒரு டிரெய்ன் பிளக் வேண்டும். உள்ளே தடுப்புத் தகடுகள் இல்லையென்றால் பிரேக் அடிக்கும்போது நூறு, இருநூறு லிட்டர் டீசல் முழுதும் ஒரே பக்கம் மோதும்.

டேங்க் காலியானால் வண்டி ‘ஏர்’ பிடித்துக்கொள்ளும். மீண்டும் டீசல் ஊற்றினால் மட்டும் ஓடாது. ஃபில்டர் மேலுள்ள போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு விட்டு விட்டு டீசல், கடைசியில் குமிழியற்ற ஒரே தாரை. அப்போதுதான் போல்ட்டை இறுக்கலாம். பழைய லாரி ஓட்டுநருக்கு இது தனிப் பாடமல்ல, ஸ்டியரிங் பிடிப்பதோடு சேர்ந்து வந்த வேலை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பயன்படும் நாகப்பூச்சுத் தகடு டீசல் டேங்குக்கு ஆகாது. துருப்பிடிக்காதே என்று அதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். ஆனால் டீசலிலுள்ள அமிலத்தன்மை நாகத்தைக் கரைக்கும். கரைந்தது ஃபில்டரிலும் நாசிலிலும் படியும். பூச்சற்ற இரும்போ அலுமினியமோ அதைவிட மேல்.

மின்னணு இன்ஜெக்ஷன் வந்ததும் பெட்ரோல் வண்டியும் டீசலின் கண்டிப்புக்கு வந்து சேர்ந்தது. பழைய ஜீப்பைக் கார்புரேட்டரிலிருந்து இன்ஜெக்ஷனுக்கு மாற்றுவோருக்கு முதல் சிக்கல் எஞ்சின் அல்ல, டேங்க். சுமார் 3 பார் அழுத்தம் இடைவிடாமல் வேண்டும். அதற்கான மின் பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் சூடேறாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றைக் குடித்தால், தாங்கிக்கொள்ள கார்புரேட்டர் கிண்ணம் இல்லை. எஞ்சின் தடுமாறும், நின்றும் போகும். இன்ஜெக்ஷன் வண்டியின் டேங்கையே பொருத்துவது ஒரு வழி. ஆனால் சேஸிஸில் இடம் அமைய வேண்டும். பழைய டேங்கை வெட்டி பம்பை உள்ளே இறக்குவது இன்னொன்று. இருக்கைக்கு அடியிலுள்ள டேங்கில் ஆழம் குறைவு என்பதால் அது அரைகுறையாகவே முடியும். பழைய டேங்கை அப்படியே வைத்து, வெளியே ஓரிரு லிட்டர் கொள்ளும் சிறு கலத்தைச் சேர்ப்பது மூன்றாவது. அழுத்தம் குறைந்த பம்ப் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். அழுத்தம் மிகுந்த பம்ப் அதிலிருந்து எடுக்கும். வண்டியின் பழமையைக் காக்க நினைப்பவருக்கு இதுவே பொருத்தம். எந்த வழியானாலும், பெட்ரோல் டேங்கை ஆவி போகக் கழுவாமல் வெல்டிங் வைப்பது வெடியில் கை வைப்பதுதான்.

லாரியில் அடுத்த திருப்பம், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில். 2017 ஏப்ரல் முதல் நாடெங்கும் பிஎஸ் 4, 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 எனப் புகை விதிகள் இறுகியபின் பழைய பம்புக்கு இடமில்லாமல் போயிற்று. அழுத்தம் 1,600 பாரையும் தாண்டியது. பாகங்களுக்கு இடையிலான இடைவெளி மைக்ரான் கணக்குக்கு வந்தது. முன்பு நாசிலைக் கழற்றித் தேய்த்துச் சரிசெய்தார்கள். இப்போது டேங்கிலிருந்து வரும் துருத்தூளும் தண்ணீரும் விலை உயர்ந்த இன்ஜெக்டரையே மாற்ற வைக்கின்றன. பேரலில் டீசல் கொண்டுபோய்த் தோட்டத்திலேயே நிரப்பும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளுக்குத் தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் அத்தியாவசியம். துருவுக்கு அஞ்சியே பிளாஸ்டிக், அலுமினிய டேங்குகள் பெருகின. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிப்பதால், கூடுதல் டேங்க் இன்று பட்டறை மட்டும் முடிவு செய்யும் விஷயமல்ல.

இதற்கிடையே ஓர் இரண்டாவது டேங்கை ஆலையே கொடுத்துவிட்டது. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் 32.5 சதவீத யூரியாக் கரைசலுக்கான அந்தச் சிறு டேங்குக்கு நீல மூடி உண்டு. மூடி மாறி அந்தக் கரைசலை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பக்கூடாது. டேங்கை இறக்கிக் காலிசெய்து கழுவிய பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும்.