இரவுப் பார்வை முன்னிணைப்பு: அரியாலைப் பரவைக்கடலை முன்வைத்து

பகலில் பயன்படும் தொலைநோக்கியின் முன்வில்லையில் வளையம் போட்டு மாட்டி, அதே தொலைநோக்கியால் இரவிலும் பார்க்க வைக்கும் கருவியே இரவுப் பார்வை முன்னிணைப்பு. ‘கிளிப்-ஆன்’ என்று கேட்டால்தான் கடைக்காரருக்கு விளங்கும். இதற்குள் தனியாக ஒரு முன்வில்லை, ஒளியையோ வெப்பத்தையோ வாங்கும் உணரி, சிறு திரை, அந்தத் திரையின் ஒளியை இணைகதிராக்கிப் பின்னால் அனுப்பும் இன்னொரு வில்லை ஆகியவை உண்டு. ஆகவே இதை மாட்டியபின் தொலைநோக்கி கடலைப் பார்ப்பதில்லை. ஒரு ரூபாய்க் குற்றியிலும் சிறிய திரையொன்றைத்தான் பார்க்கிறது. வாங்குபவர் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். தம்மிடமுள்ள விலையுயர்ந்த பகல் கண்ணாடிதான் இரவில் வேலை செய்யப்போகிறது என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அது அந்தத் திரைக்குப் பிடித்த பூதக்கண்ணாடி, அவ்வளவே. எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்விகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முன்னிணைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது, கிடைக்கிற சொற்ப ஒளியைப் பெருக்குவது. 1934இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் கில்லிஸ் ஹோல்ஸ்ட் குழுவினர் உருவாக்கிய உருமாற்றிக் குழாயிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. 1945இல் ஒகினாவாவில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய கருவிக்குச் சொந்தமாக ஓர் அகச்சிவப்பு விளக்கு தேவைப்பட்டது. வியட்நாம் போர்க்காலத்தில் நட்சத்திர ஒளியே போதுமென்றாகியது. பின்பு வந்த இரண்டாம் தலைமுறையில் நுண்துளைத் தகடும், மூன்றாம் தலைமுறையில் காலியம் ஆர்செனைட் ஒளிமுனையும் சேர்ந்தன. இரண்டாவது வகை ஒளியைக் கேட்பதேயில்லை. பொருள்கள் 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையான அலைநீளத்தில் வெளிவிடும் வெப்பக் கதிரை ஜேர்மேனியம் வில்லையால் குவித்து, வெப்பநிலை வேறுபாட்டைப் படமாக்குகிறது. ‘தெர்மல்’ என்று பேச்சில் வழங்குவது இதுதான்.

அரியாலையின் தெற்குக் கரையை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் கடல்நீரேரி இங்கே பரவைக்கடல்; இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்து போகலாம். கடலட்டை வளர்ப்பு குடாநாட்டுக் கரைகளில் பரவியபின், அரியாலையில் சீன-இலங்கைக் கூட்டு முயற்சியாக ஒரு குஞ்சு பொரிப்பகமே இயங்கியபின், இரவில் நீரைப் பார்த்துக்கொண்டிருப்பது பலருக்குப் பிழைப்பின் பகுதியாகிவிட்டது. அடைப்புக்குள் இருக்கும் அட்டையை எந்தக் கருவியும் காட்டாது. வெப்பக் கதிரை நீர் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். காவலிருப்பவருக்கு வேண்டியது அட்டையல்ல, அடைப்பை நோக்கி நீருக்குள் நடந்து வரும் ஆள். 12 மைக்ரோமீற்றர் படப்புள்ளிகள் 640 அகலத்துக்கு அடுக்கிய உணரியும், 50 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள வில்லையும் கொண்ட நல்ல தெர்மல் முன்னிணைப்பு ஒன்று இருக்கிறதென்று வைப்போம். 500 மீற்றர் தொலைவில் அதன் ஒரு படப்புள்ளி 12 சென்ரிமீற்றரை மூடும். அரை மீற்றர் அகலமான மனித உடல் அங்கே நாலு புள்ளி மட்டுமே. 1958இல் அமெரிக்க இராணுவ ஆய்வாளர் ஜோன் ஜோன்சன் வகுத்த அளவுகோலின்படி, ஏதோ ஒன்று இருக்கிறது என்று அறிய இரண்டு புள்ளி போதும். அது ஆள்தான் என்று சொல்ல எட்டு வேண்டும். இன்னும் நுணுக்கமாகப் பிரித்தறிய ஏறத்தாழ பதின்மூன்று வேண்டும். அப்படியானால் 500 மீற்றரில் ஏதோ அசைகிறது என்பது மட்டும் தெரியும். ஆள் என்று சொல்ல 260 மீற்றருக்கும், நுணுக்கம் பார்க்க 160 மீற்றருக்கும் உள்ளே அவர் வந்திருக்க வேண்டும். பின்னால் பூட்டியிருக்கும் தொலைநோக்கி நாலு மடங்கோ இருபது மடங்கோ, இந்த எண்கள் அசையா.

உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கூடுதலாகத் தெரியாதா என்று கேட்கலாம். மேற்சொன்ன கருவியின் ஒரு புள்ளியை நாலு மடங்கு பெருக்கினால், அது கண்ணில் ஏறக்குறைய 3.3 பாகைத்துளி கோணம் பிடிக்கும். நல்ல கண் ஒரு பாகைத்துளியையே பிரித்தறியக்கூடியது. ஆகவே நாலு மடங்கிலேயே படப்புள்ளிகள் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கிவிடும். எட்டு மடங்கில் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே வெறும் சதுரங்கள்தான். பறவை பார்ப்பவர்கள் முக்காலியில் வைக்கும் ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி பெரும்பாலும் இருபது மடங்கில் தொடங்கி அறுபது வரை போகும். முன்னிணைப்புக்கு அதைப்போலப் பொருந்தாத துணை வேறில்லை. எட்டு மடங்கு பைனாகுலர் பரவாயில்லை, ஆனால் ஒரு குழாயில் மட்டும் மாட்டி ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மற்றக் கண்ணுக்கும் வாங்கினால் செலவு இரட்டிக்கும்.

பகல் தொலைநோக்கியின் பெரிய வில்லை வாங்கும் ஒளியை வீணாக்குவானேன், கருவியைக் கண்வில்லைக்குப் பின்னால் வைத்தால் என்ன என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான், கணக்குத்தான் ஒத்துவரவில்லை. 8×42 பைனாகுலரின் கண்வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை 5.25 மில்லிமீற்றர் அகலம். கையடக்க ஒளிபெருக்கியின் முன்வில்லை ஏறத்தாழ 22 மில்லிமீற்றர். அந்த வில்லையில் பெரும்பகுதி சும்மா கிடக்க, திரையில் விழும் பிம்பத்தின் வெளிச்சம் பதினேழில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். பகல் கண்ணாடியின் பூச்சுகளும் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கென்றே செய்யப்பட்டவை. ஒளிபெருக்கி விரும்பும் அண்மை அகச்சிவப்பை அவை அவ்வளவாக விடா. தெர்மலுக்கோ கண்ணாடி வெறும் சுவர். ஒளி முதலில் உணரியைச் சந்திக்க வேண்டும் என்பதால்தான் கருவி முன்னால் போகிறது.

இந்தக் கரைக்கு இரண்டில் எது? பறுவ நிலவில் நிலத்தில் விழும் ஒளி கிட்டத்தட்ட கால் லக்ஸ். நிலவில்லாத தெளிந்த வானில் அது ஆயிரத்தில் ஒரு லக்ஸ் அளவுக்கு இறங்கும். மாரி முகிலின் கீழே இன்னும் பத்திலொன்றாகும். ஒளிபெருக்கியின் படம் முதலிரண்டில் நன்றாக இருக்கும், மூன்றாவதில் பொரிபொரியாகும். மேற்கே யாழ்ப்பாண நகரின் விளக்குகள் ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒளிவட்டம் கட்டும். மறுபுறம் தெர்மலுக்கும் இங்கே சோதனை உண்டு. சூரியன் மறைந்த சற்று நேரத்திலும் உதித்த சற்று நேரத்திலும் தடி, கரை, நீர் எல்லாம் ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வரும்போது படம் தட்டையாகிவிடும். தை, மாசிப் பனியிலும் மழையிலும் எட்டும் தூரம் குறையும். நீரில் நிற்கும் பூநாரையின் இறகு உடற்சூட்டை மறைப்பதால் அது மனிதரளவுக்குப் பளிச்சிடாது. இருந்தாலும் வெதுவெதுப்பான தலையும் தோளும் நீருக்கு மேலே இருக்கும் ஆளைக் கண்டுபிடிப்பதில் தெர்மலுக்கு நிகர் இல்லை. களங்கட்டி வலைத் தடியில் இருப்பது நீர்க்காகமா கொக்கா என்று உருவம் பார்த்துச் சொல்ல ஒளிபெருக்கி மேல். காவலுக்குத் தெர்மல், பறவைக்கு நிலவும் ஒளிபெருக்கியும் என்பது என் தீர்ப்பு. அகச்சிவப்பு விளக்கு சேர்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 940 நானோமீற்றர் விளக்கு, குழாய்க்குப் பதிலாக டிஜிற்றல் உணரி வைத்த கருவிக்கு உதவும்; மூன்றாம் தலைமுறைக் குழாய் 900க்கு அண்மையில் பார்வையை இழப்பதால் அதற்கு உதவாது.

பயன்படுத்தும் முறையில் வரிசை முக்கியம். முதலில் முன்னிணைப்பு இல்லாமல், பகல் தொலைநோக்கியை ஒரு நட்சத்திரத்திலோ தொலைதூர விளக்கிலோ வைத்து முடிவிலிக்குக் கூர்மையாக்கிக்கொண்டு, அந்தத் திருகை அதன்பின் தொடாமல் விட வேண்டும். உருப்பெருக்கத்தை ஆகக் குறைவில் வைத்து, முன்னிணைப்பை மாட்டி, இனித் தெளிவைச் சரிசெய்வது முன்னிணைப்பின் வளையத்தில் மட்டும். கருவி சற்றுச் சரிந்து மாட்டுப்பட்டால் பார்வை விலகும் என்ற பயம் வேண்டாம். நேரான பிம்பத்தைச் சரியாக ஒரு மடங்கில் தரும் கருவி சரிந்தாலும் காட்சி இடம் மாறாது. அது 1.02 மடங்காக இருந்து ஒரு பாகை சரிந்தாலும், 500 மீற்றரில் பிழை 17 சென்ரிமீற்றர்தான். வேடிக்கை பார்ப்பவருக்கு அது பொருட்டேயில்லை. முன்பாரத்தால் முக்காலி குப்புற விழுவதுதான் நிஜமான ஆபத்து. உவர்க்காற்று அடுத்த எதிரி: வில்லையில் உப்பு படிந்திருக்கும்போது துணியால் துடைத்தால் பூச்சு கீறும். நன்னீரால் கழுவியபின்தான் துடைக்க வேண்டும்.

இது போர்க் கருவி, இந்த மண்ணில் இதை ஏன் பேச வேண்டும் என்பது எளிதில் தள்ளக்கூடிய ஆட்சேபம் அல்ல. இதன் தாய்வீடு துப்பாக்கிதான். மூன்றாம் தலைமுறைக் குழாய்கள் அமெரிக்க அரசின் அனுமதியின்றி அந்நாட்டைவிட்டு வெளியேறவும் முடியாது. இலங்கைக்கு எடுப்பிக்க நினைப்பவர் பணம் கட்டுமுன் சுங்கத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்திருப்பதே புத்தி. கைபேசியின் இரவுப் படம் போதாதா என்பார்க்கும் பதில் உண்டு: அது சில செக்கன்களின் ஒளியைச் சேர்த்துக் கட்டும் படம், அசையாத கரைக்குச் சரி, நடக்கும் ஆளுக்குச் சரிவராது. கையடக்கத் தெர்மல் கருவி ஒன்றே போதுமே என்ற மூன்றாவது வாதத்தைப் பெருமளவுக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. காவல் கொட்டிலில் இருப்பவருக்கு அதுதான் மலிவு, இலேசு. முன்னிணைப்புக்கு மிஞ்சும் இடம் ஒன்று: ஐப்பசி முதல் மாசி வரை வலசை வரும் கரைப்பறவைகளைப் பொழுது சாயும்வரை எண்ணிக்கொண்டிருப்பவர், முக்காலியில் பூட்டிய எட்டு மடங்கு பைனாகுலரை அசைக்காமல், அதே வலைத் தடிகளை எல்லையாக வைத்து, இருட்டிய பிறகும் அதே சட்டத்துக்குள் எண்ணிக்கையைத் தொடர வேண்டியிருக்கும்போது.