மலைநாட்டில் சிதைந்த முகங்கள்

அவமானப்பட்டவனை ‘மூக்கறுபட்டான்’ என்று சொல்வது நம் வழக்கு. இன்று நாம் உவமையாகப் பேசும் இச்சொல், ஒரு காலத்தில் கத்தி செய்த வேலையையே குறித்தது. பகைவரைக் கொல்லாமல் விட்டு, மூக்கை மட்டும் அறுத்தனுப்புவது பல அரசுகளில் தண்டனையாய் இருந்தது. உயிர் மிஞ்சும், ஊரார்முன் நிற்க முகம் மிஞ்சாது. அவ்வாறு சிதைந்தும் குணம் பெறாத முகங்களின் வரலாறும், சிதைந்து குணம் பெற்ற ஒரு முகத்தின் வரலாறும் நேபாள மலைநாட்டில் சந்திக்கின்றன.

காட்மாண்டுப் பள்ளத்தாக்கு கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே குன்றின்மேல் அமைந்த ஊர் கீர்த்திபூர். கூர்க்கா அரசர் பிருதிவி நாராயண் ஷாவின் படைகளை அவ்வூர் 1757-லும் 1764-லும் திருப்பியடித்தது. சில ஆண்டுகளில் மூன்றாம் முற்றுகையில் வீழ்ந்தது. எதிர்த்து நின்றதற்குத் தண்டனையாக ஊராரின் மூக்குகளை அறுக்கும்படி ஆணை பிறந்தது. ஊதுகருவி இசைப்போர் மட்டுமே விலக்குப் பெற்றனர் என்றும், தாயின் கையில் இல்லாத குழந்தைகளும் தப்பவில்லை என்றும் அந்நாளில் பள்ளத்தாக்கில் பணியாற்றிய கப்புச்சின் மறைத்தளத் தலைவர் ஜியுசெப்பே அடிகளார் எழுதியுள்ளார். எண்ணிக்கை குறித்து வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ‘மூக்கறுந்த ஊர்’ எனப் பொருள்படும் நஸ்கட்பூர் என்ற பழிப்பெயர் கீர்த்திபூருக்கு நிலைத்துவிட்டது.

அத்துறவியருள் மைக்கேல் ஆஞ்செலோ என்பவர் மருத்துவம் அறிந்தவர். முன்னைய போரில் காயமுற்ற அரசரின் தம்பிக்குச் சிகிச்சை அளித்தவர். அந்த உரிமையோடு அவர் அத்தம்பியிடம் சென்று மக்களுக்காகப் பரிந்து மன்றாடினார். பயனில்லை. அவமானம் தாங்காது பலர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். மற்றவர் மருந்து தேடிக் கூட்டங்கூட்டமாகத் துறவியரிடம் வந்தனர். காயத்தை ஆற்றத் துறவியரிடம் மருந்து இருந்தது; அறுந்த மூக்கை மீட்கும் வழி அவர்களிடம் இல்லை. கூர்க்கா வெற்றிக்குப்பின், 1769-இல், அவர்கள் ஐம்பதுக்கு மேற்பட்ட நேவார் கிறிஸ்தவர்களுடன் பீகாரின் பெட்டியா பகுதிக்குப் புலம்பெயர்ந்தனர்.

ஏறத்தாழ ஒரு தலைமுறை கழிந்தது. 1793-இல் ஆங்கிலேயத் தூதராக நேபாளம் சென்ற கிர்க்பாட்ரிக், தம் மூட்டைகளைச் சுமந்து மலையேறிய கூலியாட்களுள் மூக்கில்லாதவர் பலர் இருக்கக் கண்டு வியந்தார். காரணம் கேட்டபோதுதான் கீர்த்திபூரின் கதை அவருக்குத் தெரிந்தது.

நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்று உண்டு. அதே காலத்தில் பூனாவில், செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அறுந்த மூக்கைப் புதிதாய் அமைத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரை திப்பு சுல்தானின் ஆட்கள் பிடித்து, மூக்கையும் ஒரு கையையும் வெட்டியிருந்தனர். அவருக்குச் செய்யப்பட்ட சிகிச்சையின் விவரம் 1794-இல் இலண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்து, அந்த அளவுக்குத் தோலைப் பெயர்த்துக் கீழே திருப்பி வைத்தனர். காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினர். நான்கு நாட்களுக்குப்பின் நெய்யில் தோய்த்த துணி. ஐந்தாறு நாட்கள் நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள், துவாரங்கள் மூடிவிடாதபடி மெல்லிய துணித்துண்டுகளை உள்ளே வைப்பர்.

இம்முறையின் உயிர்நாடி, கண்களுக்கு இடையே வெட்டாமல் விடப்படும் ஒரு சிறு தோற்பாலம். அதன்வழியே குருதி பாய்ந்து இடம் மாறிய தசையை உயிரோடு வைக்கிறது. புதிய இடத்தில் தசை வேர்கொண்ட பின்னரே, ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளில், பாலத்தை அறுப்பர்.

இச்செய்தியைப் படித்த மருத்துவர் கார்ப்யூ 1814-இல் இலண்டனில் இம்முறையைச் செய்து காட்டினார். ஐரோப்பா முழுவதும் அது ‘இந்திய முறை’ எனப் பெயர் பெற்றது. கடல் கடந்த அக்கலை, கிர்க்பாட்ரிக்கின் மூட்டை சுமந்த மனிதரை எட்டவில்லை.

இரு நூற்றாண்டுகளுக்குப்பின் அதே நேபாளத்தில் இன்னொரு முகம் சிதைந்தது. இம்முறை அறுத்தது குளிர். 1996 மே மாதம் எவரெஸ்ட் புயலில் சிக்கிய அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸ், ஏறத்தாழ 7,900 மீட்டர் உயரத்தில், பிழைக்கமாட்டார் எனக் கைவிடப்பட்டார். அத்தகைய உயரத்தில் மூச்சுக்காற்று மெலிகிறது. இதயத்தைக் காக்கும் பொருட்டுக் குருதி விரல்களையும் மூக்கையும் விட்டு உள்வாங்குகிறது. அங்கே தசை மடிகிறது. எனினும் அவர் தாமே எழுந்து கூடாரம் வரை நடந்தார். நேபாளப் படை அதிகாரி மதன் கே.சி. ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டரை இறக்கி அவரை மீட்டார். வலக்கையின் ஒரு பகுதியும், இடக்கை விரல்களும், மூக்கும் போயின. பின்னர் அமெரிக்காவில் மருத்துவர்கள் அவரது நெற்றியிலேயே ஒரு மூக்கை வளர்த்து, கீழே திருப்பி அமைத்தனர். பூனாவின் செங்கற்காரர் கண்டிருந்தால் தம் தொழிலை அடையாளம் கண்டிருப்பார்.

மலையேறப் பொருள்வசதி படைத்த ஒருவருக்குக் கிட்டிய முகம், மலையில் மூட்டை சுமந்தவர்களுக்குக் கிட்டவில்லை. அறிவு இருப்பது வேறு. அது எளியவரின் வாசலுக்குச் செல்வது வேறு. இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். அது மனிதரால் ஆனது.

கப்புச்சின் துறவியரை எண்ணும்போது சிலுவைப் பாதையின் ஆறாம் நிலை நினைவுக்கு வருகிறது. வெரோனிக்கா ஆண்டவரின் காயம் எதையும் ஆற்றவில்லை. பிறர் பார்க்கக் கூசிய முகத்தை அவர் நெருங்கிச் சென்று துடைத்தார். நம் பங்குகளிலும் தீயால் வெந்த முகத்தோர், தொழுநோயால் உருமாறியோர் இருக்கின்றனர். திருப்பலி முடியுமுன்பே பின்வாசல் வழியே வெளியேறி விடுகின்றனர். அவர்களுக்கு மருத்துவரைத் தேடிக் கொடுப்பது நம்முள் சிலருக்கு இயலும். வாசலில் காத்திருந்து, அவர்களை முகத்துக்கு முகம் பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பது நம் எல்லாருக்கும் இயலும்.