கடல் தந்த இரும்பும் கடல் தின்னும் இரும்பும்

அந்தமான் தீவுகளின் தொல்குடி மக்கள் இரும்பை உருக்கி எடுத்தவர்கள் அல்லர். அவர்களுக்கு இரும்பைக் கொண்டுவந்து கொடுத்தது கடல். பாறையில் மோதிச் சிதைந்த கப்பல்களின் ஆணிகளையும் பட்டைகளையும் எடுத்து, உலையில் இடாமலே தட்டியும் கல்லில் தீட்டியும் அம்பு முனைகளாக்கிக் கொண்டனர். 1981ஆம் ஆண்டில் ‘பிரிம்ரோஸ்’ என்னும் சரக்குக் கப்பல் வட சென்டினல் தீவின் பவளப் பாறையில் தரை தட்டியபோதும், அதன் இரும்பு அத்தீவினருக்கு இவ்வாறே பயன்பட்டது. பழுதுற்ற இரும்பைத் தட்டி மறுபடியும் பயன்கொள்ளும் கலை, இத்தீவுகளில் மோட்டார் வண்டியைவிட மிகவும் மூத்தது.

கடல் கொடுத்ததைக் கடலே திருப்பிக் கேட்பதும் உண்டு. 1858ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் வந்திறங்கினார். அன்று முதல் விலங்கும் கோடரியும் ஆணியும் கப்பலேறி வந்தன. 1883ஆம் ஆண்டில் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை எழுந்தது. 1896ஆம் ஆண்டில் தொடங்கிய செல்லுலார் சிறையின் கட்டட வேலை 1906இல் நிறைவெய்தியது. ஆலையின் இயந்திரமாயினும் சிறையின் கம்பிக் கதவாயினும், வந்த நாள் முதல் அவற்றுக்கு ஒரே பகை, துரு.

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் வேண்டும். நீரில் உப்புக் கலந்திருந்தால் அது மின்னோட்டத்தை எளிதில் கடத்தும். தகட்டின் ஓரிடம் கரைந்து மற்றோரிடத்தைக் காக்கும் சிறிய மின்கலங்கள் எண்ணற்றவை அங்கே உண்டாகும். இவ்வாறு துரு விரைந்து பரவுகிறது. துருவின் பருமன் அது தின்ற இரும்பின் பருமனைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆதலால் மேற்பூச்சு கொப்புளித்து உரிகிறது. புதிய இரும்பு வெளிப்பட்டு அதுவும் இரையாகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும், நாற்புறமும் உப்புக் காற்றும் உள்ள இடத்தில் இது எவ்வளவு வேகமாக நிகழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்பகையை வெல்லும் முயற்சியும் கடலிலேயே தொடங்கிற்று. 1824ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, போர்க்கப்பல்களின் அடியில் வேய்ந்த செப்புத் தகட்டில் துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளைப் பொருத்தினார். அத்துண்டுகள் தாம் கரைந்து செம்பைக் காத்தன. 1837இல் பிரெஞ்சுக்காரரான சோரேல் இரும்பை உருகிய துத்தநாகத்தில் தோய்க்கும் முறைக்கு உரிமை பெற்றார். செல்லுலார் சிறை முடிவுற்ற அதே 1906ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் காஸ்லெட் என்பவர் பாஸ்பாரிக் அமிலத்தால் இரும்பின் மேல் ஒரு காப்புப் படலம் உண்டாக்கும் முறையைப் பதிவு செய்தார். சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்கும் தில்லி இரும்புத் தூணைக் காப்பதும், அதன் இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸால் விளைந்த இத்தகைய படலமே என்று இக்கால ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆனால் தில்லியின் காற்று வறண்டது. தூணோ கனத்த இரும்பாலானது. மோட்டார் வண்டியின் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது.

மோட்டார் வண்டியின் உடல் தொடக்கத்தில் தகடாக இல்லை. குதிரை வண்டி செய்த தச்சரே அதையும் செய்தனர். சென்னையில் கோச்சு வண்டி கட்டிவந்த சிம்சன் நிறுவனத்தில் 1903ஆம் ஆண்டில் நீராவிக் கார் ஒன்று உருவானதை நேயர்கள் அறிவர். மரச் சட்டத்தின் மேல் தகடு போர்த்திய அக்காலத்து வண்டிகளில் துருவால் போவது பெரும்பாலும் போர்வைதான், தாங்குவது மரம். 1910களில் அமெரிக்காவில் எட்வர்ட் பட் என்பவர் முழுதும் உருக்குத் தகட்டாலான உடலைச் செய்து காட்டினார். பின்னர் அடிச்சட்டமும் தனியே இல்லாமல் உடலே சட்டமாகும் அமைப்பு வந்தது. 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை வங்காளத்து உத்தர்பாராவில் உருவான அம்பாசடர் இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய வண்டியில் கதவுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் பகுதி துருவால் இற்றுப்போனால், போவது அழகு மட்டுமன்று. வண்டியின் முதுகெலும்பே போகிறது. மோதல் நேர்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்க அங்கே ஒன்றும் இராது.

பழுது பார்க்கும் கலையும் இதனோடு சேர்ந்தே வளர்ந்தது. 1903ஆம் ஆண்டளவில் பிரான்சில் அசிட்டிலீன் வாயுவும் பிராணவாயுவும் கலந்து எரியும் பற்றவைப்புக் கருவி உருவாயிற்று. ‘டிங்கர்’ என்று நாம் அழைக்கும் தொழிலாளி இதனால் ஓட்டையை அடைக்கக் கற்றார். ஒட்டிய இடத்தின் மேடுபள்ளத்தை உருக்கிய ஈயத்தால் நிரவினார். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோரின் கைத்திறனுக்கு இது நெருங்கிய உறவு. 1950களின் நடுவில் பாலியெஸ்டர் பிசினாலான பட்டி வந்தது. ஈயத்தின் நச்சும் தீயின் வெப்பமும் இல்லாத நல்ல பொருள் இது. ஆயினும் இதுவே ஒரு தீமைக்கும் வாசலாயிற்று. இற்றுப்போன தகட்டை வெட்டாமலே அதன் மேல் பட்டியை அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, வர்ணம் அடித்துவிடலாம் அன்றோ! பட்டி ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உள்ளேயிருக்கும் துரு தன் வேலையை நிறுத்துவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக அது ஓரிரு மழைக்காலத்தில் வெளிப்பட்டுவிடும்.

நேர்மையான பழுதுபார்ப்பு வேறு. துருப்பட்ட பகுதியை மட்டுமன்று, பளிச்சென்ற இரும்பு தெரியும் வரையில் சுற்றிலும் வெட்டி நீக்க வேண்டும். அதே கனமுள்ள புதுத் தகட்டை அளவாக வெட்டிப் பொருத்த வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டாமல், இங்கொரு புள்ளியும் அங்கொரு புள்ளியுமாகப் பற்றவைத்து, இடையிடையே ஆறவிட வேண்டும். இல்லையேல் வெப்பத்தால் தகடு நெளியும். பெட்ரோல் தொட்டியைக் கழற்றி வைப்பதும், பாட்டரி இணைப்பை நீக்குவதும் அதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். பிறகு உள்ளும் புறமும் துருத்தடுப்பு வர்ணம். மேலே மெல்லிய பட்டி, அதுவும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாமல். கை எட்டாத உட்கூடுகளில் மெழுகையோ எண்ணெயையோ தெளித்து விட வேண்டும். துரு பெரும்பாலும் உள்ளிருந்தே வெளியே வருகிறது; நாம் காணும் கொப்புளம் நோயின் தொடக்கமன்று, முற்றிய நிலை.

தீவில் இதற்கு வேறொரு சிக்கலும் உண்டு. வண்டியாயினும் தகடாயினும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ சில நாள் கப்பற்பயணம் செய்தே வரவேண்டும். ஆகவே மாற்றுவதைவிடச் செப்பனிடுவதே அங்கு இயல்பான வழி. துருவைத் தடுக்கும் மருந்துகளில் மலிவானது நன்னீரால் அடிப்பாகத்தைக் கழுவுவது. மழை கூரையைக் கழுவும். சக்கர வளைவுக்குள்ளும் அடித்தட்டிலும் ஒட்டிய உப்பைக் கழுவாது. ஆனால், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேரில் கோடை மாதங்களில் குடிநீரே முறைவைத்து வழங்கப்படுவதுண்டு. குடிக்கும் நீரைக் காருக்கு ஊற்ற எந்த இல்லத்தரசி இசைவாள்? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது நிலம் தாழ்ந்து, சிப்பிகாட் போன்ற பகுதிகளில் கடல்நீர் புகுந்து தங்கியது. உப்புநீரில் முழுகிய வண்டியை உடனே நன்னீரால் கழுவாவிட்டால் பின்னர் எந்தப் பட்டியும் அதைக் காவாது.

எனவே தீவில் பழைய கார் வாங்க நினைப்போர் வர்ணத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டா. கதவின் அடிவிளிம்பில் நீர் வடியும் துளைகள் அடைபட்டுள்ளனவா என்று பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஐயமுள்ள இடத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இரும்பிருந்தால் அது பற்றும், வெறும் பட்டியானால் நழுவிவிடும். மழைநீரைப் பீப்பாயில் சேமித்து வைப்பவர் வண்டியின் அடிப்பாகத்திற்கு அதில் ஒரு பங்கு கொடுக்கலாம். அந்த ஒரு வாளி நீர், பின்னர் வரும் பற்றவைப்புக் கூலியைவிட மிகவும் மலிவு.