ஸஹ்ராவியின் வெள்ளிக் குழாய்

அந்தலூஸின் அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவியைப் பற்றிப் பேசப் புகுந்தால், அவர் வரைந்து காட்டிய ஏறத்தாழ 200 கருவிகளின் சிறப்போடு நாம் நின்றுவிடுகிறோம். அக்கருவிகளைப் பிடித்த கை, உடலின் உள்ளமைப்பை எந்த அளவுக்கு அறிந்திருந்தது? இதனைச் சோதிக்க, ஆணின் சிறுநீர்த் தாரையைப் பற்றி அவர் எழுதியிருப்பதே தக்க உரைகல்.

கி.பி. 1000ஐ ஒட்டி முற்றுப்பெற்ற அவரது ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம். சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்கு ஒன்றரைச் சாண் நீளமுள்ள மெல்லிய வெள்ளிக் குழாயை அதில் அவர் பரிந்துரைக்கிறார். கிரேக்கச் சொல்லை அரபு வடிவில் ‘காஸாத்தீர்’ என வழங்குகிறார். இன்றைய ‘கதீட்டர்’ என்பதும் அதே சொல்தான். இரட்டை நூலின் முனையில் கம்பளித் துணுக்கைக் கட்டிக் குழாயின் வாயை அடைக்க வேண்டும். எண்ணெயோ வெண்ணெயோ முட்டையின் வெண்கருவோ தடவ வேண்டும். அடுத்து அவர் சொல்வதே நம் கவனத்திற்குரியது. குழாய் உறுப்பின் அடிவரை சென்றதும் உறுப்பைத் தொப்புளை நோக்கி உயர்த்த வேண்டும். மலவாயின் அருகே குழாய் வந்ததும், அதை உள்ளிருத்தியவாறே உறுப்பைக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். குழாய் வெற்றிடத்தை எட்டியதை நோயாளியே உணர்வார். நூலை இழுத்தால் சிறுநீர் பின்தொடரும். பாதை வளைந்து செல்வதால்தான் இம்முறை என்று காரணமும் தருகிறார்.

இன்றைய உடற்கூற்றியலை இதனருகே வைத்துப் பார்ப்போம். சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள அத்தாரைக்கு இரு வளைவுகள். உறுப்பை உயர்த்தினால் முன்வளைவு நேராகிவிடும். பின்வளைவு இடுப்புக்குள் நிலைபெற்றது; அங்கே குழாயின் முனை மேல்நோக்கித் திரும்பினால்தான் வழி கிடைக்கும். வெளிமுனையைத் தாழ்த்தும்போது நிகழ்வது அதுவே.

அவ்வளைவைக் கடந்ததும், சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே புராஸ்டேட் சுரப்பி தாரையைச் சூழ்ந்து நிற்கிறது. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தொலைவு குழாய் அதனூடேதான் செல்ல வேண்டும். ஆயினும் ஸஹ்ராவி அதனை இங்குக் குறிப்பிடவில்லை. அடைப்புக்குக் கல், உறைந்த குருதி, சீழ், வளர்ந்த சதை ஆகியவற்றைக் காரணமாகக் கூறுகிறார். அந்தச் சதை, முதியோருக்குப் பருத்துவிடும் புராஸ்டேட்டே என வாதிட நமக்கு ஆசை எழலாம். நூல் அதற்கு இடம் தரவில்லை. 12ஆம் நூற்றாண்டில் கிரிமோனாவின் ஜெரார்டு டொலேடோவில் இப்பகுதியை லத்தீனில் பெயர்த்து, அது ஐரோப்பிய மருத்துவர் கைகளில் புழங்கிய பின்னரும் நெடுங்காலம் இந்நிலையே நீடித்தது. வெனிஸின் நிக்கொலோ மாஸ்ஸா 1536இல் விவரித்து, 1538இல் வெசாலியஸ் படமாக வரைந்த பிறகே அச்சுரப்பி தெளிவான அடையாளம் பெற்றது.

இதை ஒப்புக்கொள்ள நாம் தயங்க வேண்டியதில்லை. ஸஹ்ராவியே தம் காலத்தைப் புகழ்ந்து எழுதியவரல்லர். தம் நாட்டில் அறுவைக் கலை நலிந்ததற்கு உடற்கூறு கற்காமையையே அவர் அறுவைப் பகுதியின் முன்னுரையில் காரணமாகக் காட்டுகிறார். முதியவர் ஒருவரின் பெரிய சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்கப் புகுந்த மருத்துவர், பையின் ஒரு துண்டையும் சேர்த்து எடுத்துவிட்டாராம். மூன்று நாள்களுக்குள் நோயாளி இறந்துபோனார். அம்முதியவரிடம் முன்னரே அழைக்கப்பட்டிருந்தவர் ஸஹ்ராவி. கல்லின் பருமனையும் அவரது உடல்நிலையையும் கண்டு, கத்தியைத் தொடாமல் திரும்பியிருந்தார்.