கோடு தெரியுதா, இல்லையா?

கோவிட் காலத்தில் ஏஆர்டி கிட்டை ஜன்னலோரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதுசில்லை. ஒரே பட்டையைப் பார்த்து அம்மா "இருக்கு" என்பார். தம்பி "அது நிழல்" என்பான். அந்தக் கோட்டைப் போடுபவை நுண்ணிய தங்கத் துகள்கள். ஒரே இடத்தில் ஏராளமாகக் கூடினால்தான் அவை சிவப்பாகத் தெரியும். கிருமி குறைவென்றால் கூட்டமும் குறைவு. பதில் 'இருக்கலாம்' என்பதோடு நின்றுவிடும். இந்த 'இருக்கலாம்' எனும் சிக்கலுக்குள் ஒரு பழைய துணிச்சாயம் வந்து சேர்ந்தது.

சாயத்தின் பெயர் இயோசின். 1874இல் ஜெர்மனியின் ஹைன்ரிக் காரோ கண்டுபிடித்தது. பட்டுக்கு இளஞ்சிவப்பு ஏற்றும். கிரேக்கர்களின் விடியல் தேவதை இயோஸின் பெயர் என்பார்கள். காரோவின் தோழி ஒருத்தியின் செல்லப்பெயர் என்றும் சொல்வதுண்டு. எனக்கென்னவோ இரண்டாவது கதைதான் பிடிக்கிறது.

மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் ஒற்றைச்செல் உயிரிகள் எவ்வளவு நேரத்தில் சாகின்றன என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இடிமழை, வானம் இருண்டிருந்தது. அன்று மட்டும் அவை நெடுநேரம் உயிரோடு இருந்தன. வெளிச்சம் சேர்ந்தால்தான் சாயம் கொல்கிறது! 1900இல் அது அச்சேறியது. 1903இல் அவருடைய ஆசிரியர் டாப்பைனர், தோல் கட்டிகளில் இயோசினைத் தடவி ஒளி பாய்ச்சிப் பார்த்தார்.

1954இல் புரூக்ளினில் ஜெரால்ட் ஆஸ்டர் வேறு பக்கம் திரும்பினார். இத்தகைய சாயங்களுக்கு ஒளி காட்டினால் திரவம் இறுகிப் பாலிமராகும் என்று காட்டினார். (இதே ஆஸ்டர் கண்ணை ஏமாற்றும் கோட்டோவியங்களும் செய்தவர்.)

அரை நூற்றாண்டு கழித்து, 2008இல், கொலராடோவில் கிறிஸ்டோஃபர் போமனும் ஹாட்லி சைக்ஸும் அடங்கிய குழு இதை நோய் கண்டறியும் சோதனைக்குக் கொண்டுபோனது. தேடும் மூலக்கூறு சிக்கிய இடத்தில் மட்டும் இயோசின் ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு துளி திரவத்தை ஊற்றிப் பச்சை ஒளியைக் காட்டினால், ஒரு இயோசின் தூண்டிய வினை எண்ணற்ற மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோர்த்து, கண்ணுக்குத் தெரியும் ஜெல்லாக்கிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆக்ஸிஜனின் வேலைதான். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் இந்தச் சங்கிலியை அறுத்துக்கொண்டே இருக்கும். இயோசின் கொஞ்சமாக இருந்தால் ஆக்ஸிஜன் ஜெயிக்கும், ஜெல்லே உருவாகாது. போதுமான அளவு இருந்தால் ஆக்ஸிஜன் தீர்ந்துபோய் சட்டென்று இறுகும். அறுக்கும் அதே ஆக்ஸிஜன்தான் செலவான இயோசினை மீட்டுத் தருகிறது என்பது வேடிக்கை. ஆக, மங்கலான கோட்டுக்கு இங்கே அவ்வளவாக இடமில்லை. ஒன்று ஜெல் உண்டு, இல்லாவிட்டால் கிடையாது.

2015இல் எம்ஐடியில் சைக்ஸும் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸும் சேர்ந்து இதைக் காகிதத்துக்கு மாற்றினார்கள். தேடியது மலேரியா ஒட்டுண்ணியின் புரதம். திரவத்தில் பினாப்தலீன் கலந்திருந்தார்கள். ஆமாம், பள்ளி ஆய்வகத்தில் காரம் பட்டதும் சிவந்த அதே பினாப்தலீன். ஜெல்லில் சிக்கியது மட்டும் கழுவிய பிறகும் தங்கும். ஒரு சொட்டு காரம் விட்டால் அந்த இடம் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும்.

ஆனால் கழுவணும், விளக்கு வேணும், சொட்டு விடணும். தங்கக் கோட்டுக்கு இதெல்லாம் வேண்டாம். மாதிரியை விட்டுவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் போதும். மருந்துக்கடையில் நாம் வாங்கும் கிட்டில் இன்னும் தங்கக் கோடுதான்.